கிரிங்கோ என்றால் யார்? அந்தப் பச்சைச் சட்டைக் கதை உண்மையா?

நாணல்:

ஸ்பானிய மொழி கற்றுவருகிறேன், இன்னும் தொடக்க நிலைதான். வகுப்பில் 'கிரிங்கோ' என்ற சொல் வந்தது. அமெரிக்கர்களைக் கொஞ்சம் இளக்காரமாகக் குறிக்கும் சொல் என்று சொல்லிவிட்டு, ஆசிரியர் அதன் பிறப்புக் கதையையும் சொன்னார். 1846இல் அமெரிக்கப் படை மெக்சிகோவுக்குள் நுழைந்ததாம். சிப்பாய்கள் பச்சைச் சீருடை அணிந்திருந்தார்களாம். ஊர் மக்கள் அவர்களைப் பார்த்து "கிரீன், கோ!" என்று கத்தியதே 'கிரிங்கோ' ஆயிற்றாம்.

வகுப்பு முழுவதும் ரசித்தது. எனக்கு மட்டும் தொண்டையில் முள் போல ஏதோ நின்றது. இவ்வளவு கச்சிதமாகவா ஒரு சொல் பிறக்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொன்வண்டு:

நான் கேள்விப்பட்டது வேறு மாதிரி. சிப்பாய்கள் கூடாரத்தில் உட்கார்ந்து ஒரு பழைய நாட்டுப்பாட்டைப் பாடிக்கொண்டிருப்பார்களாம். 'கிரீன் குரோ' என்று தொடங்கும் பாட்டு, பச்சைப் பசேலென வளர்கிறது என்று பொருள். மெக்சிகோக்காரர்கள் காதில் அந்த முதல் இரண்டு சொற்கள்தான் விழுந்தன, அதையே அவர்களுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள் என்பார்கள். சீருடைக் கதையைவிட இது நம்பும்படி இருக்கிறது.

ஏட்டுச்சுவடி:

இரண்டும் கதைதான். ஆசிரியர்மீது கோபப்படாதீர்கள், உலகம் முழுவதும் வகுப்புகளில் இதைத்தான் சொல்கிறார்கள்.

முதலில் சீருடை. அந்தப் போரில் அமெரிக்கக் காலாட்படை அணிந்தது வெளிர்நீலக் கம்பளித் துணி. பச்சைக்கு அங்கே வேலையே இல்லை. அடுத்தது, படையெடுத்து வந்தவனைத் திட்டும் மெக்சிகோ விவசாயி ஏன் ஆங்கிலத்தில் திட்ட வேண்டும்? அவனுக்குத் தன் மொழியில் வசவுச் சொற்களுக்குப் பஞ்சமா?

ஆனால் இவையெல்லாம் பக்கவாத்தியம். கதையைக் கவிழ்ப்பது ஓர் அகராதி. எஸ்தெபான் தெ தெரெரோஸ் இ பாந்தோ என்ற இயேசு சபைப் பாதிரியார் ஸ்பெயினில் ஒரு பெரிய அகராதியைத் தொகுத்தார். 1767இல் மன்னர் மூன்றாம் கார்லோஸ் இயேசு சபையினரை நாட்டை விட்டே துரத்தியபோது அவரும் போக வேண்டியதாயிற்று. இத்தாலியில் 1782இல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகள் 1786 முதல் அச்சேறின. அதில் 'கிரிங்கோ' இருக்கிறது. ஏறத்தாழ அவர் சொல்வது இது: தென் ஸ்பெயினின் மலாகா நகரில், காஸ்தீலிய மொழியை (அதாவது ஸ்பானியத்தை) எளிதாகவும் இயல்பாகவும் பேசவிடாத ஒருவித உச்சரிப்பு வாடை உள்ள அயல்நாட்டாரைக் கிரிங்கோ என்பார்கள்; மத்ரீதில் (மாட்ரிட்) அதே காரணத்துக்காக, குறிப்பாக ஐரிஷ்காரர்களை அப்படி அழைப்பார்கள்.

மெக்சிகோப் போருக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் வந்துவிட்ட சொல் இது. அமெரிக்கா என்ற நாடு உருவாகும் முன்பே மலாகா துறைமுகத்தில் புழங்கியிருக்க வேண்டும். அந்த ஊருக்கு ஒயினும் உலர்திராட்சையும் வாங்க வடக்கு ஐரோப்பிய வணிகர்கள் வந்துபோவார்கள். அவர்கள் வாயில் ஸ்பானியம் படும் பாட்டைக் கேட்டு உள்ளூர்க்காரர்கள் சிரித்திருப்பார்கள்.

அந்த வரையறையை இன்னொரு முறை படியுங்கள். அதில் நாடு இல்லை, நிறம் இல்லை, பகையும் இல்லை. உள்ளூர்க் காதுக்கு இடறும் பேச்சு ஒன்றுதான் இருக்கிறது. இந்தச் சொல்லின் முழு வரலாறும் அங்கிருந்துதான் விரிகிறது என்பது என் கருத்து.

கரிசல்மண்:

அதென்ன ஐரிஷ்காரர்களை மட்டும் தனியாக? மத்ரீதில் அவர்களுக்கு என்ன வேலை?

ஏட்டுச்சுவடி:

நல்ல கேள்வி. இங்கிலாந்தின் சட்டங்களால் நெருக்கப்பட்ட ஐரிஷ் கத்தோலிக்கர்கள் பலர் ஸ்பெயினுக்குப் போய்ப் படையில் சேர்ந்தார்கள். இபெர்னியா, உல்தோனியா, இர்லாந்தா என்று அவர்களுக்கென்றே படைப்பிரிவுகள் இருந்தன. ரிகார்தோ வால் என்ற ஐரிஷ் வம்சத்தவர் 1754இல் ஸ்பெயினின் வெளிவிவகார அமைச்சராகவே ஆனார். தெரெரோஸ் அகராதி எழுதிய காலத்து மத்ரீதில், ஸ்பானியத்தை உடைத்துப் பேசும் ஆள் என்றால் முதலில் நினைவுக்கு வருபவன் ஐரிஷ்காரனாகத்தான் இருந்திருப்பான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1846 போரில் அமெரிக்கப் படையில் இருந்த ஐரிஷ்காரர்கள் சிலர் கட்சி மாறி மெக்சிகோவின் பக்கம் போய்ச் சண்டையிட்டார்கள். புனித பாட்ரிக் படை என்று பெயர். அவர்களுடைய கொடி பச்சை! 1847 செப்டம்பரில் அமெரிக்க இராணுவம் அவர்களில் ஏறத்தாழ ஐம்பது பேரைத் தூக்கிலிட்டது. மெக்சிகோ இன்றும் அவர்களை வீரர்களாகப் போற்றுகிறது. அந்தப் போரில் கண்ணில் பட்ட பச்சை மெக்சிகோவின் பக்கம்தான் இருந்தது. அதன் கீழே நின்றவர்கள் பழைய மத்ரீதின் அசல் 'கிரிங்கோ'க்கள். கதை கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தால் இன்னும் நன்றாகக் கட்டியிருப்பார்கள்.

பொன்வண்டு:

சரி ஐயா, போருக்கு முன்பே சொல் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அமெரிக்கர்களுக்கு அது எப்போது ஒட்டியது? போரில்தானே?

ஏட்டுச்சுவடி:

அதை மறுக்கவில்லை. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குக் கிடைக்கும் பழைய சான்று 1849ஆம் ஆண்டுடையது. பறவை ஓவியர் ஆடுபானின் மகன் ஜான் வுட்ஹவுஸ் ஆடுபான், தங்கம் தேடிக் கலிபோர்னியாவுக்குப் போகும் வழியில் மெக்சிகோவைக் கடந்தார். செர்ரோ கோர்தோ என்ற ஊரில் மக்கள் தங்களைக் கண்டு கூச்சலிட்டு 'கிரிங்கோ' என்று அழைத்ததாக நாட்குறிப்பில் எழுதுகிறார். ஊரையே நாடோடிகளின் பொந்து என்று ஏசிவிட்டு, ஆனாலும் அங்கிருந்த ஊற்றுநீரின் சுவையை மறக்காமல் பாராட்டுகிறார்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையில் மெக்சிகோ தன் நிலப்பரப்பில் ஏறக்குறையப் பாதியை இழந்திருந்தது. அந்தச் சூட்டில், 'பேச்சு விளங்காத வெளியூரான்' என்ற பழைய கேலிச்சொல் ஒரு நாட்டானின்மேல் அழுத்தமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. போர் சொல்லைப் பெற்றெடுக்கவில்லை, தத்தெடுத்துக்கொண்டது.

கரிசல்மண்:

பச்சைக் கதை போகட்டும். மலாகாக்காரர்களுக்கு இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

ஏட்டுச்சுவடி:

பெரும்பாலான அறிஞர்கள் கை காட்டுவது 'கிரியேகோ' என்ற சொல்லை. கிரேக்கன், கிரேக்க மொழி என்று பொருள். ஸ்பானியத்தில் 'கிரேக்கத்தில் பேசுவது' என்றால் விளங்காமல் பேசுவது. இது ஸ்பெயினுக்கு மட்டும் உரியதல்ல. இடைக்கால ஐரோப்பாவில் இலத்தீன் படித்தவர்கள் கிரேக்கப் பகுதி வந்தால் 'இது கிரேக்கம், படிப்பதில்லை' என்று தாண்டிப்போவார்கள். ஆங்கிலத்திலும் புரியாதது எல்லாம் கிரேக்கம்தான்.

கத்தலான் அறிஞர் ஜுவான் கொரோமினாஸ் தம் சொற்பிறப்பு அகராதியில் இந்த வழியைத்தான் வற்புறுத்தினார். கிரியேகோ முதலில் 'கிரீகோ' என்று சுருங்கி, பிறகு நடுவில் மூக்கொலி ஏறிக் 'கிரிங்கோ' ஆயிற்று என்பது அவர் கணக்கு.

கரிசல்மண்:

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. 'இயே' சுருங்கி 'இ' ஆவது ஸ்பானியத்தில் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 'காஸ்தியெல்லோ' என்ற பழைய வடிவம் 'காஸ்தில்லோ' (கோட்டை) ஆயிற்று, 'பிரியேசா' 'பிரீசா' (அவசரம்) ஆயிற்று. ஆனால் அவை லகர, சகர ஒலிகளின் பக்கத்தில் நடக்கும் மாற்றம். ககரத்துக்கு முன்னால் ஏன் நடக்க வேண்டும்? அதோடு, 'கிரியேகோ' என்ற மூலச்சொல் அப்படியே உயிரோடு இருக்கும்போது அதன் திரிபு மட்டும் தனியே பிரிந்து போயிற்று என்கிறீர்கள். இரண்டு படிகள், இரண்டிலும் ஒரு சலுகை. பச்சைச் சட்டைக் கதைக்குக் காட்டாத தயவை இதற்கு மட்டும் ஏன் காட்ட வேண்டும்?

ஏட்டுச்சுவடி:

நியாயமான அடி. மூக்கொலி ஏறுவதற்கு உதாரணம் உண்டு. இலத்தீன் 'லொகுஸ்தா' ஸ்பானியத்தில் 'லங்கோஸ்தா' (வெட்டுக்கிளி) ஆனபோதும் இல்லாத ஒரு மூக்கொலி வந்து புகுந்தது. முதற்படிதான் பலவீனம். ஆனால் கேலிச்சொற்கள் ஒலி விதிக்குக் கட்டுப்பட்டு நடப்பதில்லை. வெளியூரானின் பேச்சைப் பழித்துக் காட்டும் வாய், சொல்லையும் கோணலாக்கித்தான் சொல்லும்.

'பெரெகிரினோ', அதாவது யாத்திரிகன் என்ற சொல்லிலிருந்து, ஸ்பானிய ரோமா மக்களின் காலோ பேச்சு வழியாக வந்தது என்ற வாதமும் உண்டு. ஸ்பானிய அரச அகாதமி தன் அகராதியில் 'சொற்பிறப்பு விவாதத்துக்கு உரியது' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிட்டது. நான் கிரேக்கன் பக்கம். ஒலியைவிடப் பொருள் அங்கே பொருந்துகிறது என்பதுதான் காரணம்: தெரெரோஸின் வரையறையும் 'விளங்காத பேச்சு' என்ற புள்ளியில்தான் நிற்கிறது.

பச்சைக் கதைக்கு ஏன் தயவு இல்லை என்கிறீர்களே, அது காலத்தால் முடியாத கதை. கிரேக்கக் கதை நிரூபிக்கப்படாத கதை. இரண்டும் ஒன்றல்ல.

யாழினி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கிரேக்கன் பெயர் பொதுவாக அயலானுக்கு ஆகிவருவது நமக்குப் புதிதா என்ன? அயோனியக் கிரேக்கரின் பெயர்தான் 'யவனர்' என்று இங்கே வந்து, பிறகு உரோமரையும் சேர்த்துக்கொண்டது. பேச்சை வைத்து அயலானை அடையாளம் காண்பதும் அப்படியே. சிலம்பில் 'வன்சொல் யவனர்'. முல்லைப்பாட்டின் பாசறையில் அரசனுக்குக் காவலாக நிற்கும் மிலேச்சர் 'உடம்பின் உரைக்கும் உரையா நாவின்' ஆட்கள். நா பேசாது, உடம்புதான் பேசும்! தெரெரோஸ் பாதிரியார் இரண்டு வரியில் சொன்னதை நம் புலவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

கரிசல்மண்:

அருமை அம்மா. அந்த வரியை எத்தனையோ முறை படித்திருக்கிறேன், இந்த இடத்தில் வந்து உட்காரும் என்று நினைக்கவில்லை.

மட்டுறுத்துநர்:

யவனர், சோனகர், மிலேச்சர் பற்றிப் பேச விரும்புவோர் தனி இழை தொடங்கவும். இங்கே கிரிங்கோவோடு நிற்போம்.

தெற்குக்காற்று:

அர்ஜென்டினாவின் ரொசாரியோவிலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் மெக்சிகோவையே சுற்றி வருகிறீர்கள். இங்கே நூறு ஆண்டுகளுக்கு முன்பு 'கிரிங்கோ' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்திருப்பவர் அமெரிக்கர் அல்லர், இத்தாலியர்.

1872இல் ஹொசே எர்னாந்தெஸ் எழுதிய 'மார்த்தின் ஃபியர்ரோ' என்ற நெடுங்கவிதை இந்த நாட்டின் தேசியக் காவியம் போல. அதில் எல்லைக் கோட்டைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட கௌச்சோ ஒருவன் தன் கதையைச் சொல்கிறான். (கௌச்சோ என்றால் பம்பாஸ் புல்வெளியின் குதிரைக்காரன், மாடு மேய்ப்பவன்.) கோட்டையில் ஓர் இத்தாலியக் காவலாள். அவன் பேசுவது ஒன்றுமே புரியவில்லை, எந்த ஊரானோ, ஒருவேளை கிறிஸ்தவனே இல்லையோ என்கிறான் ஃபியர்ரோ. அவன் சொல்வதெல்லாம் தான் 'பா-போ-லித்தானோ' என்பதுதான். நாப்பொலித்தானோ, அதாவது நேப்பிள்ஸ்காரன் என்று சொல்ல வருகிறான், பாவம்!

ஓர் இரவு ஃபியர்ரோ கோட்டைக்குத் திரும்பும்போது காவலில் நிற்பவன் இந்தக் கிரிங்கோதான். 'கியேன் விவே', யாரங்கே, என்று கேட்க வேண்டியவன் 'கென் விவொரே' என்கிறான். அது காதில் 'விபோரா', விரியன் பாம்பு, போல விழுகிறது. "என்ன விரியன்?" என்கிறான் இவன். அடுத்து 'ஆகா ஆல்தோ', நில், என்று கத்த வேண்டியது 'ஆ கார்த்தோ' என்று வருகிறது. 'லகார்த்தோ' என்றால் ஓணான். "நீதான் பெரிய ஓணான்" என்று இவன் முணுமுணுக்கிறான். காவலாள் சுட்டுவிடுகிறான். குண்டு படவில்லை, ஆனால் சத்தத்தில் அதிகாரிகள் எழுந்து வந்து, கடைசியில் தண்டனை கௌச்சோவுக்கு! நான்கு துப்பாக்கிக் கத்திகளைத் தரையில் குத்தி நடுவே கிடத்துகிறார்கள்.

ஏட்டுச்சுவடி ஐயா சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. கடல் தாண்டி நூறாண்டு கழித்தும் கிரிங்கோ என்றால் பேச்சு உடைந்தவன்தான்.

நாணல்:

பாம்பும் ஓணானும் படித்துச் சிரித்துவிட்டேன். அந்த இத்தாலியர்கள் பிறகு என்ன ஆனார்கள்? இன்னமும் கிரிங்கோதானா?

தெற்குக்காற்று:

ஆம், ஆனால் சொல்லின் முகம் மாறிவிட்டது. 1914 கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் ஏறத்தாழ முப்பது விழுக்காட்டினர் வெளிநாட்டில் பிறந்தவர்கள், இத்தாலியர்களே அதில் பெரிய கூட்டம். அவர்கள் வந்து கோதுமை விதைத்த சாந்தா ஃபே, கோர்தோபா மாகாணப் பகுதிகளுக்குப் 'பம்பா கிரிங்கா' என்றே பெயர். முதல் குடியிருப்புகளில் ஒன்றான எஸ்பெரான்சா 1856இல் தொடங்கியது, அங்கே வந்தவர்கள் சுவிஸ், ஜெர்மன், பிரெஞ்சுக் குடும்பங்கள். அவர்களும் கிரிங்கோக்கள்தான். 1912இல் அல்கோர்த்தா என்ற சிற்றூரில் குத்தகை உயர்வை எதிர்த்து நடந்த புகழ்பெற்ற வேலைநிறுத்தமும் இந்தக் கிரிங்கோ விவசாயிகள் நடத்தியதுதான்.

இரண்டு தலைமுறையில் சொல் பட்டப்பெயராகிவிட்டது. 1969இல் கோர்தோபா நகரை உலுக்கிய தொழிலாளர் எழுச்சியின் தலைவர்களுள் ஒருவர் அகுஸ்தின் தோஸ்கோ. இத்தாலிய விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, ஏகாதிபத்தியத்தின் எதிரி. தோழர்கள் அவரை அன்பாக அழைத்த பெயர் 'எல் கிரிங்கோ'! மெக்சிகோவில் இதைச் சொன்னால் தலையைச் சொறிவார்கள். கால்பந்து ரசிகர்களுக்கு: 1975இல் ஒரே ஆண்டில் 60 கோல் அடித்த எக்தோர் ஸ்கோத்தாவும் 'கிரிங்கோ' ஸ்கோத்தாதான்.

இந்த ஊரில் பெயர் வைப்பதில் துல்லியம் எதிர்பார்க்கக் கூடாது. ஸ்பெயினின் எந்தப் பகுதியிலிருந்து வந்தாலும் 'கல்யேகோ', கலீசியாக்காரன். உதுமானியக் கடவுச்சீட்டோடு வந்த சிரியாக்காரரும் லெபனான்காரரும் 'துர்க்கோ', துருக்கியர். ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த யூதர் 'ரூசோ', ரஷ்யர்.

மாந்தோப்பு:

குவாதலஹாராவில் பணி நிமித்தம் இருக்கிறேன். மெக்சிகோ பக்கத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

இங்கே கிரிங்கோ என்றால் அமெரிக்கர், ஐயமே இல்லை. வசவா என்றால், சொல்லும் வாயைப் பொறுத்தது. அலுவலகத்தில் "நாளை கிரிங்கோக்களோடு கூட்டம் இருக்கிறது" என்பார்கள், அதில் காரமே இருக்காது. 2025 ஜூலை 4 அன்று, அவர்களுடைய சுதந்திர நாளாகப் பார்த்து, மெக்சிகோ நகரின் ரோமா, கொண்டேசா பகுதிகளில் வாடகை ஏற்றத்தை எதிர்த்து ஊர்வலம் நடந்தது. அங்கே அதே சொல் வேறு சூட்டில் இருந்தது.

அமெரிக்காவில் வளர்ந்து திரும்பும் மெக்சிகோப் பிள்ளைகளை 'அகிரிங்காதோ' என்பார்கள், கிரிங்கோவாகிப் போனவன் என்று. ஸ்பானியம் தடுமாறினால் முதலில் விழும் சொல் அதுதான். மலாகா வாசனை இன்னும் போகவில்லை.

'கிரிங்கா' என்று ஒரு தாக்கோ வகை உண்டு. செங்குத்துக் கம்பியில் சுழலும் பாஸ்தோர் இறைச்சியைச் சீவி, பாலாடைக்கட்டியோடு தோர்த்தியா என்ற மெல்லிய ரொட்டியில் வைத்துக் கல்லில் வாட்டுவார்கள். பாஸ்தோரே லெபனான் குடியேறிகள் கொண்டுவந்த சமையல் முறையின் பேரப்பிள்ளை. வழக்கமான மக்காச்சோளத் தோர்த்தியா இல்லாமல் கோதுமைத் தோர்த்தியா, அதனால் வெள்ளை. யாரோ அமெரிக்க மாணவிகள் கேட்டுச் சாப்பிட்டதால் அந்தப் பெயர் என்று கடைக்குக் கடை கதை சொல்வார்கள். நாணல், உங்கள் ஆசிரியரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

பொன்வண்டு:

அப்படியானால் ஸ்பெயினில் இன்று என்ன? பிறந்த வீட்டில் சொல் இருக்கிறதா?

ஏட்டுச்சுவடி:

இருக்கிறது, ஆனால் இப்போது அது அமெரிக்கக் கண்டத்துச் சொல்லாகத்தான் காதில் படும். ஸ்பெயினில் வெயிலில் சிவந்து திரியும் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி 'கீரி'. அதன் கதை இன்னும் கோணல். 1833இல் ஸ்பெயினில் அரசுரிமைக்காகத் தொடங்கிய கார்லிஸ்துப் போரில் அரசி மரியா கிறிஸ்தினாவின் ஆட்களுக்குக் 'கிறிஸ்தினோ' என்று பெயர். பாஸ்கு மொழி பேசுவோர் வாயில் அது 'கிரிஸ்தினோ'வாகி, சுருங்கிக் 'கீரி' ஆயிற்று என்பது அகாதமி அகராதி தரும் விளக்கம். முதலில் எதிரிப் படையாள், பிறகு அரசாங்கச் சிப்பாய், இன்று கடற்கரையில் காலுறையோடு செருப்பு போட்டு நடக்கும் ஆங்கிலேயர்.

நாணல்:

கடைசியாக ஒரு சுயநலக் கேள்வி. அடுத்த ஆண்டு பெரு, பிரேசில் பக்கம் போகும் எண்ணம் இருக்கிறது. என்னைக் கிரிங்கா (கிரிங்கோவின் பெண்பால்) என்பார்களா?

தெற்குக்காற்று:

பிரேசிலில் நிச்சயம். அங்குள்ள மொழி போர்த்துக்கீசியம் என்றாலும் கிரிங்கோவுக்கு வெளிநாட்டான் என்பதே பொருள். பக்கத்து நாட்டு அர்ஜென்டினரைக்கூட அப்படித்தான் சொல்வார்கள். பெருவில் அது நிறத்தைப் பார்த்து வரும் சொல். வெளுத்த தோலும் வெளிர்முடியும் இருந்தால் உள்ளூர்ப் பெண்ணையே சந்தையில் 'கிரிங்கீதா' என்று கூப்பிடுவார்கள். நம் நிறத்துக்கு அங்கே அந்தப் பட்டம் கிடைக்காது.

நமக்கு வேறு பட்டம் காத்திருக்கிறது. 'இந்தியோ' என்ற சொல்லைக் கொலம்பஸ் காலத்திலேயே அமெரிக்கப் பழங்குடிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே இந்தியாவிலிருந்து வருகிறவர் யாராக இருந்தாலும் வழக்கில் 'இந்தூ'தான், அதாவது இந்து. அகராதியே அதை ஏற்கிறது. நான் கிறிஸ்தவன். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிறேன். இங்குள்ள பங்குத்தந்தை என்னை மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்துவது "நம் கோவிலுக்கு வரும் இந்து" என்றுதான்.